இந்த ஆண்டு நமக்கு விழா உண்டா?



கிறிஸ்து பிறப்பு விழாவின் வாழ்த்தை உங்களுக்குக் கூறுமுன், ஒரு தாயின் கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2025-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 30 அன்று வந்தது. ஆம்பூரில் அன்று காலைத் திருப்பலி முடிந்து, கோவில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்பவர். கணவருக்குத் தோல் பதனிடும் இடத்தில் நாட்கூலி. பிள்ளைகள் இருவர், மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவள்.

"ஐயா, இந்த ஆண்டு நமக்கு விழா உண்டா?" என்று கேட்டார்.

"கோவிலில் விழா இல்லாமல் போகுமா, அம்மா?" என்று சிரித்துக்கொண்டே கூறினேன்.

அவர் சிரிக்கவில்லை. "கோவிலில் இருக்கும் ஐயா. என் வீட்டில் உண்டா என்றுதான் கேட்கிறேன்" என்றார்.

பிறகு மெல்லச் சொன்னார். கம்பெனியில் கூடுதல் நேர வேலை செப்டம்பரிலேயே நின்றுவிட்டது. வேலை நாள்களும் குறைந்துவிட்டன. வாரந்தோறும் குழுக் கடனுக்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் குறையவில்லை. காதில் கிடக்கும் கம்மலை அடகு வைத்துப் பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுப்பதா, அல்லது இந்த ஆண்டு விழாவே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்வதா? இதுவே அவருடைய கேள்வி. அந்தக் கம்மலோ, மகளின் கல்லூரிச் செலவுக்கென்று அவர் மனத்தில் முடிந்து வைத்திருந்த ஒரே சேமிப்பு.

"செபிக்கிறேன், அம்மா" என்று கூறி அவரை அனுப்பிவிட்டேன். வீடு வந்து சேர்ந்த பின் அந்தப் பதில் எனக்கே வெட்கத்தைத் தந்தது. பசித்தவரிடமும் குளிரில் வாடுபவரிடமும் நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவதால் பயன் என்ன என்று திருத்தூதர் யாக்கோபு கேட்பது என்னைத்தானே? எனவே அடுத்த வாரம் அவருடைய இல்லத்துக்குச் சென்றேன். அங்கே பேசியவற்றையே இப்பகுதியில் சற்று விரித்து எழுதுகிறேன். ஏனெனில் அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் நம் பங்குகளில் ஏதேனும் ஓர் இல்லத்தில் அது எழுகிறது.

தொலைவில் பிறந்த ஆணை

முதலில் கவலையின் காரணத்தைக் காண்போம். 2025 ஆகஸ்டு 27 அன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குச் செல்லும் இந்தியப் பொருள்களுள் பெரும்பாலானவற்றின் மீது 50 விழுக்காடு வரி நடைமுறைக்கு வந்தது. நூறு ரூபாய்ச் சரக்குக்கு ஐம்பது ரூபாய் வரி! அதைக் கட்ட வேண்டியவர் அங்குள்ள இறக்குமதியாளர். அவர் என்ன செய்வார்? விலையைக் குறைக்குமாறு இங்குள்ளவரைக் கேட்பார். அல்லது ஆர்டரைத் தள்ளி வைப்பார். அல்லது வேறு நாட்டை நாடுவார். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது கூடுதல் நேர வேலை. அடுத்துக் குறைவது வேலை நாள். வாஷிங்டனில் இட்ட ஒரு கையொப்பம் இவ்வாறு படிப்படியாக இறங்கி வந்து, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் அடுப்பங்கரைவரை எட்டிவிடுகிறது.

இத்தகைய டிசம்பர் நமக்குப் புதிதன்று. மூத்தவர்கள் 1996-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் அவ்வாண்டு ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. அன்றைய வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டை நவம்பர் 30-க்குள் செய்தாக வேண்டும் என்று கெடு விதித்தது. அந்தக் கெடு நாளுக்கு மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு! மீட்பரின் வருகைக்காகக் கோவிலில் முதல் மெழுகுவத்தியை ஏற்றிய எத்தனையோ குடும்பங்கள், தொழிற்சாலையின் கதவு இனித் திறக்குமா என்ற ஏக்கத்தோடுதான் அதன் ஒளியை நோக்கின.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தீர்ப்புக்கு நியாயம் இருந்தது. தோல் தொழில் நிறைந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வுச் செய்தி அந்தத் தீர்ப்பிலேயே எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. நமக்குச் சோறிட்ட தொழில், பாலாற்றங்கரையில் இன்னொருவரின் கிணற்றைக் கெடுத்தது. அந்த உழவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் திருநாள் இருந்தது. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றைக் குறித்து மறுபடியும் தீர்ப்புரைத்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கிடைக்கவும், ஆற்றை மீட்கும் பணியைக் கண்காணிக்கவும் வழி வகுத்தது. நம் கவலையைப் பற்றிப் பேசும்போது, நம்மால் கவலைக்குள்ளானவர்களை மறந்துவிடலாகாது.

பேரரசரின் கட்டளையும் பெத்லகேமின் இரவும்

இப்போது லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவருடைய பிறப்பின் வரலாறு எங்கே தொடங்குகிறது? வானதூதரின் பாட்டிலா? விண்மீனின் ஒளியிலா? இல்லை, உரோமையில் அமர்ந்திருந்த அகுஸ்து சீசரின் கட்டளையில் தொடங்குகிறது. வரி விதிப்பதற்கு அடிப்படையான குடிக்கணக்கு எடுக்கும் கட்டளை அது. நாசரேத்து என்ற சிற்றூரில் ஒரு தச்சர் இருக்கிறார் என்பதோ, அவருடைய இல்லத்தில் ஒரு பெண் நிறைமாதமாய் இருக்கிறார் என்பதோ அந்தப் பேரரசருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் கட்டளையை மாற்றியிருக்கப் போவதில்லை. அந்தக் கட்டளைக்காகப் புனித சூசையப்பர் வேலையை விட்டுவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்தார். அத்தனை நாளும் அவருக்குக் கூலி ஏது? போய்ச் சேர்ந்த இடத்திலும் தங்க அறை கிடைக்கவில்லை.

ஆம், அன்பர்களே! முதல் கிறிஸ்து பிறப்பு, கவலை தீர்ந்த பிறகு வந்த விழா அன்று. கவலையின் நடுவிலே வந்த விழா அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அச்சம் வேண்டாம் என்ற செய்தி முதலில் எவரிடம் சென்றது? இரவெல்லாம் கண்விழித்து மந்தையைக் காத்த இடையர்களிடம். இரவு ஷிப்டில் இருந்த உழைப்பாளிகள் என்று நம் ஊர் வழக்கில் அவர்களைச் சொல்லலாம். வரி தள்ளுபடி ஆயிற்று என்று வானதூதர் அவர்களுக்கு அறிவிக்கவில்லை. ஏரோதின் ஆட்சி கவிழ்ந்தது என்றும் கூறவில்லை. உங்களுக்காக ஒரு மீட்பர் பிறந்திருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றே அறிவித்தார். அவர்கள் போனார்கள், கண்டார்கள், திரும்பினார்கள். மறுநாளும் அதே மந்தை, அதே குளிர், அதே கூலி. ஆயினும் அவர்கள் கடவுளைப் போற்றிப் புகழ்ந்துகொண்டே திரும்பினார்கள் என்று நற்செய்தியாளர் எழுதி வைத்தார். அவர்களுடைய நிலைமை மாறவில்லை. நம்மை யாரும் மறந்துவிடவில்லை என்பதை மட்டும் அவர்கள் கண்ணாரக் கண்டுகொண்டார்கள். அதுவே அவர்களுடைய மகிழ்ச்சி.

வாசலில் நின்று நோக்குதல்

நம் முன்னோர் ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற மூன்று புண்ணியங்களை மனப்பாடம் செய்தார்கள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று அமைந்தன. 'எதிர்நோக்கு' என்ற சொல் முதலில் பலருக்குப் புதிதாகத் தோன்றிற்று. 2024 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதக் கதவைத் திறந்து தொடங்கி வைத்த யூபிலி ஆண்டு, 2026 ஜனவரி 6 வரை நடைபெற்றது. எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்பதே அதன் மையக் கருத்தாதலால், அந்தச் சொல் நம் கோவில்தோறும் ஒலித்தது.

எதிர்பார்ப்பு வேறு, எதிர்நோக்கு வேறு. ஆர்டர் வரும், போனஸ் வரும், வரி குறையும் என்று காத்திருப்பது எதிர்பார்ப்பு. அது தவறன்று, உழைப்பவருக்கு அது வேண்டியதே. ஆனால் வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் துயரம் என்பதோடு அது முடிந்துவிடும். எதிர்நோக்கு என்பது வருகிற ஒருவரை நோக்கி நிற்பது. மாலையில் கம்பெனி பஸ் வரும் நேரத்தில், நம் தெருக்களில் வயதான தாய்மார் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? மகள் அன்று என்ன கொண்டு வருவாள் என்பது அந்தத் தாய்க்குப் பொருட்டன்று. மகள் வர வேண்டும், அவ்வளவே. தூரத்தில் அவளுடைய நடை தெரிந்தவுடன் முகம் மலர்கிறதே, அந்த மலர்ச்சிதான் திருவருகைக் காலத்தின் மகிழ்ச்சி.

தோல் பதனிடுவோர் வீட்டு முகவரி

நம் பகுதியில் பலர் இரகசியமாய்ச் சுமக்கும் ஒரு வேதனை உண்டு. உடுப்பில் ஏறிய பதனிடும் நெடியால் பேருந்தில் ஒதுங்கி நிற்பவர்களை நான் அறிவேன். பெண் பார்க்க வருவோரிடம் தந்தையின் தொழிலைச் சொல்லத் தயங்கும் இளைஞர்களையும் அறிவேன். அவர்களுக்காகத் திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு செய்தி இருக்கிறது.

புனித பேதுரு யோப்பா நகரில் பல நாள் தங்கினார். யாருடைய வீட்டில்? தோல் பதனிடும் சீமோனின் வீட்டில்! செத்த விலங்குகளைத் தொடும் தொழில் என்பதால் யூதச் சமுதாயம் அத்தொழிலைத் தாழ்வாகவே கருதிற்று. கடலோரத்தில் இருந்த அந்த வீட்டின் மேல்தளத்தில் செபிக்கையில்தான், கடவுள் தூய்மையாக்கியதை எவரும் தீட்டென்று கூறலாகாது என்ற காட்சியைப் பேதுரு கண்டார். உரோமை நூற்றுவர் தலைவராகிய கொர்னேலியுவுக்குத் தோன்றிய வானதூதர், பேதுரு தங்கியிருந்த இடத்தைக் கூறும்போது, கடலோரத்தில் தோல் பதனிடும் சீமோனின் வீடு என்றே அடையாளம் சொன்னார். வானதூதரின் வாயால் முகவரி சொல்லப்பட்ட வீடு, தோல் பதனிடுவோர் வீடு! பிற இனத்தார்க்குத் திருச்சபையின் கதவு திறந்த வரலாற்றில் அந்த வீட்டுக்கு இடம் உண்டு. மாட்டுத் தொழுவில் பிறந்தவர், நம் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க மாட்டார்.

கிறிஸ்து பிறப்பு நாளின் பகல் திருப்பலியில் முதல் வாசகம் எசாயாவின் நூலிலிருந்து எடுக்கப்படுகிறது. மலைகளின் மேல் நற்செய்தி கொண்டு வருவோரின் பாதங்களை இறைவாக்கினர் அங்கே வியந்து போற்றுகிறார். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது, தந்தை அவன் கால்களுக்கு மிதியடி அணிவிக்கச் சொன்னதையும் நினைத்துப் பாருங்கள். ஊர் ஊராய்ப் பிறர் பாதங்களுக்குக் காப்பளிக்கும் கைகள் நம் கைகள். அவற்றைத் தாழ்வாக எண்ண வேண்டாம்.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

இவையெல்லாம் சரி, நடைமுறையில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள்.

முதலாவது, கடன் வாங்கி விழாக் கொண்டாட வேண்டாம். குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கியபோது மரியாவும் சூசையப்பரும் செலுத்தியது, ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்ற ஏழைகளுக்கென்று சட்டம் அனுமதித்த இரு பறவைகளின் காணிக்கையே. ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி அவர்கள் தகுதிக்கு மீறிச் செலவு செய்யவில்லை. திருக்குடும்பத்துக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு? வீட்டின் நிலைமையைப் பிள்ளைகளிடம் மறைக்காமல், அவர்களை அருகில் அமர்த்தி, அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். நாம் நினைப்பதைவிடப் பிள்ளைகள் பெரியவர்கள். கவலையை மறக்கக் குடியை நாடும் தந்தையருக்கும் ஒரு சொல்: அந்தப் பணம் உங்கள் பிள்ளையின் திருநாள்.

இரண்டாவது, தனித்துக் கொண்டாட வேண்டாம். மூன்று வீடுகள் சேர்ந்தால் ஒரு நல்ல விருந்து ஆகும். ரம்ஜானிலும் பக்ரீத்திலும் நம் இஸ்லாமிய அண்டை வீட்டார் பிரியாணியை நம் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். நம் அதிரசமும் முறுக்கும் அவர்கள் வீட்டுக்குச் செல்கின்றன. அந்தப் பழக்கம் வறுமையான ஆண்டிலும் நிற்கலாகாது. அளவு குறையட்டும், அனுப்புவது நிற்க வேண்டாம். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் உங்கள் தேவையைக் கூறக் கூசாதீர்கள். கொடுக்க இயன்றவர்கள் கேட்கும்வரை காத்திராதீர்கள்.

வடமாநிலங்களிலிருந்து வந்து நம்மிடையே உழைப்போரையும் நினையுங்கள். 2015 ஜனவரி 31 அன்று அதிகாலை இருளில், இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்ததில், அருகில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்த இடமே அவர்களுக்கு உறங்கும் இடமாயும் இருந்தது. சத்திரத்தில் இடம் கிடைக்காத குடும்பத்தின் விழாவைக் கொண்டாடும் நாம், அத்தகையோரில் ஒருவரையேனும் அன்று நம் பந்தியில் அமர்த்தலாமே!

மூன்றாவது, வேலை கொடுக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1891-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, தொழிலாளருக்கு நியாயமான கூலி மறுக்கப்படலாகாது என்று தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அவருடைய நினைவாகவே, 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தையும் லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார். விழாவுக்கு முன்னரே சேர வேண்டிய கூலியைச் சேர்த்துவிடுங்கள். கழிவை ஆற்றில் விடாதிருப்பதும் அயலாருக்குச் செய்யும் அன்பே. குடிலில் வைக்கும் பொம்மை இடையர்களைவிட, பாலாற்றங்கரையில் வாழும் உண்மை உழவர்கள் ஆண்டவருக்கு அருகில் இருப்பவர்கள்.

அந்தத் தாயின் விழா

இவற்றுள் சிலவற்றை அன்று அந்தத் தாயின் வாசற்படியில் அமர்ந்து கூறினேன். அவர் அமைதியாகக் கேட்டார். கதவோரம் நின்றிருந்த மகள்தான் முதலில் பேசினாள். "அம்மா, போன வருடத் துணி எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தம்பிக்கு மட்டும் ஒரு சட்டை எடுங்கள். கம்மலைக் கழற்ற வேண்டாம்" என்றாள். தாயின் கண்கள் கலங்கின. என்னுடைய அத்தனை சொற்களைவிட அந்தப் பெண்ணின் சொல்லே அவருக்கு விடையாயிற்று.

டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலியில் அவர்களைக் கண்டேன். துவைத்துத் தேய்த்த பழைய பாவாடை தாவணியில் மகள். புதுச் சட்டையில் சிறுவன். காதில் கம்மலோடு தாய். மறுநாள் அத்தெருவில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து சமைத்தன. பிறகு கோவில் முற்றத்தில் என்னைக் கண்டபோது, "விழா இருந்தது ஐயா, கடன் இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சனவரியிலும் அவருக்கு வேலை நாள்கள் கூடவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. 2026 பிப்ரவரியில் அந்த வரி குறைக்கப்பட்டது என்ற செய்தி வந்தது. ஆணை வந்தது போலவே ஆணை மாறவும் செய்தது. இனி வேறோர் ஆணையும் வரலாம். சீசரின் கட்டளைகள் இப்படித்தான் வரும், போகும். அகுஸ்துவின் அந்தக் குடிக்கணக்கை இன்று உலகம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், அந்த நாள்களில் ஒரு தொழுவில் பிறந்த குழந்தையல்லவா?

எனவே, உங்கள் இல்லத்தில் யாரேனும், இந்த ஆண்டு நமக்கு விழா உண்டா என்று கேட்டால், கைப்பையைத் திறந்து பார்த்து விடை சொல்லாதீர்கள். குடிலின் முன் ஒரு சிறு விளக்கை ஏற்றி, குடும்பமாய் முழந்தாளிட்டு, வருகிறவரை நோக்கிய பின் விடை சொல்லுங்கள்.

பெத்லகேமின் பாலன் உங்கள் இல்லத்தின் முகவரியை அறிவார். அவருடைய சமாதானம் உங்களோடும், உங்கள் அண்டை அயலாரோடும், பாலாற்றங்கரை மக்கள் அனைவரோடும் இருப்பதாக!